1993 வரை மாரடைப்பே இல்லைன்னு காட்டுது, கிராஃப் ஏன் இப்படி வருது? (அவசரம்)

மித்ரா_கோப்பன்: கோப்பன்ஹேகன் யுனிவர்சிட்டியில பொது சுகாதாரம் மாஸ்டர்ஸ், தீசிஸ் ஓடுது. மாரடைப்பு நிகழ்வு வீதத்தை (முதல்முறையா மாரடைப்பு வந்தவங்க கணக்கு) வருஷவாரியா போட்டேன். 1993 வரைக்கும் கோடு தரையோட ஒட்டிக் கிடக்கு. 1994ல செங்குத்தா எகிறி, அடுத்த சில வருஷத்துல சறுக்கி இறங்குது. எர்ரர் எதுவும் வரல. வியாழக்கிழமை சூப்பர்வைசரைப் பார்க்கணும். ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

ராஜ்_டேட்டா: எந்த ரெஜிஸ்டர்? எந்த வருஷத்துல இருந்து? புள்ளிவிவர மென்பொருள் எது, ஆரா, சாஸா? எந்தக் குறியீட்டை வெச்சுத் தேடினீங்க? இதெல்லாம் சொல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது. பத்து வரி டேட்டாவை அப்படியே இங்க ஒட்டுங்க, பார்த்துடலாம்.

வடமராட்சியான்: டேட்டாவை ஒட்டச் சொல்லாதேங்கோ. அது டென்மார்க் புள்ளிவிவரத் துறையின்ரை சர்வருக்குள்ளதான் இருக்கும். தனி ஆளின்ரை ஒரு வரியைக்கூட வெளியாலை எடுக்கேலாது. மொத்தக் கணக்கு மட்டும்தான் வரலாம், அதிலயும் எண்ணிக்கை சின்னனா இருக்கிற கட்டங்களை மறைக்க வேணும். மீறினால் அவவின்ரை நிறுவனத்துக்கே அணுகலை நிப்பாட்டலாம். வாயாலை விவரம் கேளுங்கோ, போதும்.

சாஸ்_தாசன்: எனக்கு இது தேதிப் பிரச்சினைன்னு தோணுது. சாஸ் 1960 ஜனவரி 1ல இருந்து நாளை எண்ணும், ஆர் 1970 ஜனவரி 1ல இருந்து. தேதி வெறும் எண்ணா வந்திருந்தா 3653 நாள் தள்ளிப் போயிடும். உங்க டேட்டா 1984ல ஆரம்பிக்குதா? அப்படின்னா அதுதான் 1994ஆத் தெரியுது.

நலவாழ்வு_கண்ணன்: வயதுத் தரப்படுத்தல் (மக்கள்தொகையோட வயது வித்தியாசத்தைச் சமன்படுத்துறது) செஞ்சீங்களா? ஐரோப்பியத் தர மக்கள்தொகை 1976, 2013னு ரெண்டு இருக்கு. நடுவுல மாத்திப் போட்டா கோடு குதிக்கும்.

ராஜ்_டேட்டா: தரப்படுத்தல் பூஜ்யத்தை உண்டாக்காது கண்ணன். 1993 வரைக்கும் ஒரு கேஸ்கூட இல்லையே.

மித்ரா_கோப்பன்: சாரி, சொல்ல விட்டுப்போச்சு. டென்மார்க்கோட தேசிய நோயாளி ரெஜிஸ்டர் (ஆஸ்பத்திரிப் பதிவேடு), 1977ல இருந்து இருக்கு. ஆய்வுக் காலம் 1985–2015. ஆர்லதான் பண்றேன். முதல்ல மாரடைப்புக்கான குறியீடு ஐ21னு தேடினேன், ஒண்ணும் வரல. முன்னாடி டி சேர்த்து டிஐ21னு போட்டதும் வந்துச்சு.

எபி_ஆசான்: ஒரு ரெஜிஸ்டரைத் தொடுமுன் அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும். இது முதல் பருவத்திலேயே சொல்லித்தரும் பாடம். நோர்டிக் நாடுகளில் 1987 முதல் ஐசிடி-9 (பன்னாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலின் ஒன்பதாம் பதிப்பு), 1997 முதல் ஐசிடி-10. பழைய வருடங்களுக்கு ஐசிடி-9 பட்டியலைப் போடுங்கள், முடிந்தது.

வடமராட்சியான்: ஆசான், நீங்கள் சொல்லுறது ஸ்வீடன். டென்மார்க் ஐசிடி-9ஐப் பாவிக்கவே இல்லை. 1993 முடியும் மட்டும் ஐசிடி-8, 1994இல நேரா ஐசிடி-10. மாரடைப்புக்கு எட்டிலயும் ஒன்பதிலயும் 410தான், அதாலை மித்ரா இந்த முறை தப்பியிடுவா. நீரிழிவுக்கு உங்கடை பட்டியலைப் போட்டால் டென்மார்க்கின்ரை 249 எண்ட நீரிழிவுக் குறியீடு முழுக்க விடுபட்டிடும்.

மித்ரா, இப்பிடிச் செய்யுங்கோ. 1993 வரைக்கும் 410இல *தொடங்கிற* குறியீடு, பிறகு டிஐ21இல தொடங்கிறது. பழைய குறியீட்டுக்கு முன்னாலை டி இல்லை, 41009 மாதிரி வெறும் எண்ணாத்தான் கிடக்கும். "தொடங்கிற" எண்டு போடாமல் நடுவில 410 வாறதையும் பிடிச்சால் சம்பந்தமில்லாத நோயெல்லாம் வந்து சேரும். நோய் கண்டறிதல் வகையில ஏ (முக்கிய நோய்), பி (துணை நோய்) ரெண்டையும் வைச்சுக்கொண்டு எச் வகையை விடுங்கோ. எச் எண்டது பரிந்துரைச்சு அனுப்பின டொக்டரின்ரை சந்தேகம், ஆஸ்பத்திரி உறுதிப்படுத்தினது இல்லை.

ராஜ்_டேட்டா: அப்போ 1994ல எகிறினதும் புரியுது. ஒருத்தருக்கு 1988ல முதல் மாரடைப்பு, 1994 நவம்பர்ல திரும்ப அட்மிஷன்னு வெச்சுக்கோங்க. 1988 கண்ணுக்குத் தெரியாததால 1994ஐ முதல் மாரடைப்புன்னு எண்ணியிருக்கு. பழைய நோயாளிங்க ஒவ்வொருத்தரா இப்படி வந்து தீர்ந்ததும் கோடு இறங்குது. பரவல் குறைஞ்சதால இல்ல.

நலவாழ்வு_கண்ணன்: பரவல்னு எதைச் சொல்றீங்க? நிகழ்வுன்னா புதுசா வர்றவங்க, பரவல்னா ஏற்கெனவே நோயோட இருக்கிறவங்க. குழப்பாதீங்க.

ராஜ்_டேட்டா: பேச்சு வழக்குல "நோய்ப் பரவல்"னா பரவுற வேகம்தான். பத்திரிகையில எல்லாம் அப்படித்தான் எழுதறாங்க.

நலவாழ்வு_கண்ணன்: பத்திரிகையில எழுதலாம், தீசிஸ் பேசுற இடத்துல கூடாது. மித்ராவோட கிராஃப்ல நடந்ததே அதுதான், பரவல்ல இருக்கிற ஆளுங்க நிகழ்வுக் கணக்குல புகுந்துட்டாங்க.

எபி_ஆசான்: டென்மார்க் விஷயத்தில் வடமராட்சியான் சொன்னதே சரி, திருத்திக்கொள்கிறேன். ஆனால் 2000இல் ட்ரோபோனினை (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) மையமாக வைத்து மாரடைப்பின் வரையறையே மாறியது. அதன் பிறகு கோடு ஏறினால் அதை நோய் கூடியதாக எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வருமுன் இறப்பவர்கள் இந்த ரெஜிஸ்டரில் இல்லை, இறப்புக் காரணப் பதிவேட்டையும் இணைக்க வேண்டும்.

சாஸ்_தாசன்: தேதியையும் ஒருதடவை பார்த்துடுங்க.

வடமராட்சியான்: 1977இல தொடங்கின டேட்டா பத்து வருஷம் தள்ளினால் 1987இல எல்லோ எகிறும், 1994இல இல்லை.

மித்ரா_கோப்பன்: 410 சேர்த்தேன், பூஜ்யம் போயிடுச்சு, 1994 மேடும் போயிடுச்சு! ரொம்ப நன்றி. ஆனா இப்ப 1985ல அதே மாதிரி ஒரு மேடு நிக்குது.

ராஜ்_டேட்டா: டேட்டாவை 1985க்கு வெட்டிட்டு அப்புறம் முதல் மாரடைப்பைத் தேடியிருப்பீங்க. வரிசையை மாத்துங்க. 1977ல இருந்து முழுசா வெச்சு ஒவ்வொருத்தருக்கும் முதல் தேதியை எடுங்க, 1985க்கு முன்னாடி வந்தவங்களை நீக்குங்க, அதுக்கப்புறம் வெட்டுங்க.

வடமராட்சியான்: நீக்கிற ஆக்களை கீழ்க்கணக்கிலயிருந்தும் (வகுக்கிற எண்) எடுக்க வேணும், இல்லாட்டி ஆள்-ஆண்டு (எல்லா ஆக்களையும் கவனிச்ச மொத்த வருஷம்) கூடி வீதம் குறைஞ்சு காட்டும். இன்னொண்டு: 1985இல இருக்கிறவருக்குப் பின்னாலை பார்க்க 8 வருஷம்தான், 2015இல இருக்கிறவருக்கு 38. எல்லா வருஷத்துக்கும் ஒரே 8 வருஷத்தை வைச்சு ஒருக்கா ஓட்டி, ரெண்டு கோட்டையும் பக்கத்தில பக்கத்தில போட்டுக் காட்டுங்கோ. அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

ராஜ்_டேட்டா: மித்ரா, மேடு போச்சா?

ராஜ்_டேட்டா: வியாழன் தாண்டிடுச்சு. பார்த்தா ஒரு வரி போடுங்க.