மகளிர் சேவைச் சங்கத்துக்கு இளம் பெண்கள் வர என்ன செய்யலாம்?

காரைக்குடி செயலாளர்:
எங்கள் சங்கத்தில் 31 பேர். நாற்பது வயதுக்குக் கீழே இரண்டே பேர். மாதம் ஒரு வியாழன் மாலை 4 மணிக்கு, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூட்டம். ஆண்டுச் சந்தா 2,500 ரூபாய். போன ஜூலையில் கல்லூரியில் பேசியபோது 22 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள்; இரண்டாம் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. கண் முகாமுக்கும் ஊருணி சுத்தம் செய்யவும் கை போதவில்லை. எதை மாற்றலாம்?

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, வியாழன் 4 மணிக்குப் பள்ளி ஆசிரியைக்கு அப்போதுதான் மணி அடிக்கும். வங்கியில் இருப்பவர் கணக்கு முடித்துக் கிளம்ப ஆறாகிவிடும். ஞாயிறு காலை 10 முதல் 11.15 வரை வையுங்கள். முகூர்த்த நாளென்றால் அடுத்த ஞாயிறு. முடியும் நேரத்தையும் அழைப்பில் போடுங்கள். மதியச் சமையல் இருக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அதைவிடப் பெரிய தடை, வீட்டுக்கு வீடு முறை வைப்பது. ரெட்டை வளவு வைத்த பெரிய வீட்டில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் என்று இலை நிறையப் பரிமாறினால், செக்காலையில் வாடகைக்கு இருக்கும் பெண் ‘நம்ம முறை வந்தா என்ன பண்றது’ என்றுதான் கணக்குப் போடுவார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘உடம்பு சரியில்லை’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். பள்ளி வகுப்பறை மாதிரிப் பொது இடத்துக்குப் போங்கள். காப்பியும் ஒரு சுண்டலும் சங்கக் கணக்கில் போதும். ‘அது நகரத்தார் வீட்டு ஆச்சிமார் சங்கம், நமக்கில்லை’ என்று மற்ற சமூகத்துப் பெண்களும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் ஒதுங்குவதும் இதனால் குறையும்.

சந்தாவில், சங்கத்தின் தலைமை அமைப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டும் தொகையை மட்டும் முதலாண்டு வாங்குங்கள், அதுவும் இரண்டு தவணையாக. மூன்று பணிகளில் கலந்துகொள்ளும் வரை விண்ணப்பத் தாளையே நீட்டாதீர்கள்.

நாட்டு நலப்பணி:
கல்லூரிப் பிள்ளைகள் விஷயம் தனி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவிக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவைக் கணக்கு வேண்டும். முதல்வருக்கு ஒரு கடிதம், திட்ட அலுவலருக்கு ஒரு நகல். அதில் இடம், தேதி, உடன் வரும் பெண் பொறுப்பாளர், விடுதிக்குத் திரும்பும் நேரம் நான்கும் இருக்கட்டும். பணி முடிந்த அன்றே மணி நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நவம்பரும் ஏப்ரலும் தேர்வுக் காலம், கூப்பிடாதீர்கள்.

ஆனால் இவர்களை உறுப்பினர் கணக்கில் சேர்க்காதீர்கள். படிப்பு முடிந்ததும் சென்னை, கோவை என்று போய்விடுவார்கள். சங்கத்தில் நிலைக்கப்போவது 28 முதல் 42 வயதுக்குள் ஊரிலேயே குடியிருப்பவர்கள்: தனியார் பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், தையற்கடை வைத்திருப்பவர்கள், கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள்.

இன்னொன்று. ரத்ததான முகாமை முதல் அழைப்பாக வைக்காதீர்கள். எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால்தான் எடுப்பார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஆசையாக வந்த பெண்ணை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பினால் மறுபடி வர மாட்டார்.

குன்றக்குடி ரோடு:
‘கை போதவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே ஆச்சி, சிக்கல் அங்கேதான். வாசலில் பன்னீர்ச் செம்பு பிடிக்கவும் மேடைக்குச் சால்வை எடுத்துக் கொடுக்கவும் இளையவர்களைக் கூப்பிட்டுவிட்டு, முடிவை நாம் எடுத்தால் யார் தங்குவார்கள்? ஒரு பணியை முழுசாக ஒப்படையுங்கள், பணத்தோடு.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்குக் கால் பராமரிப்புப் பந்தல் இதற்கு நல்ல ஆரம்பம். பருவத் தேர்வும் அப்போது இருக்காது. ஐந்து பேர், இரண்டு மணி நேர முறை. ஒருவர் நாற்காலியில் உட்காரவைத்துப் பெயர் எழுத, இருவர் கால் கழுவித் துடைக்க, ஒருவர் மருந்து போட, ஒருவர் தண்ணீர் மாற்ற. ஒவ்வொருவருக்கும் புதுத் தண்ணீர், புதுக் கையுறை. துடைக்கப் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் காயவைத்த துண்டுகள், ஆளுக்கு ஒன்று. கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. மேலே காஸ் துணி வைத்து ஒட்டினால் போதும். ‘சர்க்கரை இருக்கா’ என்று முதலிலேயே கேளுங்கள். இருந்து, புண்ணும் இருந்தால் செவிலியரிடம் அனுப்பிவிட வேண்டும்.

வாங்குவது, ஆள் பிரிப்பது, கணக்கு ஒப்படைப்பது எல்லாம் இளையவர்கள் பொறுப்பு. மூத்தவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முதல் வருஷம் காஸ் துணி குறையும், தண்ணீர் வண்டி தாமதமாகும். அப்போதும் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

காரைக்குடி செயலாளர்:
நன்றி. கைக்குழந்தைக்காரர்களையும் வெளியூர் மகள்களையும் எப்படிச் சேர்ப்பது?

தேவகோட்டை ரஸ்தா:
குழந்தைகளுக்குப் பக்கத்து அறையில் பாய் விரித்து, மூத்தவர்களில் இருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அழைப்பிலேயே ‘பிள்ளைகளோடு வரலாம்’ என்று எழுதுங்கள், எழுதாவிட்டால் கேட்கக் கூச்சப்படுவார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குக் கணக்குத் தாள், சுவரொட்டி, நன்கொடைக் கடிதம் என்று வீட்டிலிருந்தே மாதம் மூன்று மணி நேர வேலை கொடுங்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு அவர்கள் ஊருக்கு வரும் தேதி பங்காளி வீடுகளில் முன்கூட்டியே தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வாரத்தில் ஒரு பணி வையுங்கள்.