மறு: ரூமினேஷன் – ‘அசைபோடல்’ சரியா?

அன்பர்களுக்கு வணக்கம். நடந்து முடிந்ததையே மனம் திரும்பத் திரும்பச் சுற்றிவருவதை உளவியலில் ‘ரூமினேஷன்’ (rumination) என்கிறார்கள். நம் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘அசைபோடல்’ என்றே வைத்துவிடலாமே. மூலச்சொல்லும் மாடு அசைபோடுவதில் இருந்து வந்ததுதானே?

வேர் சரிதான் ஐயா. ஆனால் தமிழில் நாம் அசைபோடுவது பெரும்பாலும் இனிக்கிற விஷயத்தை. பள்ளிக்கூட நாட்களை அசைபோட்டேன் என்றால் கேட்பவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்காருவார். மனச்சோர்வில் இருப்பவர் செய்வது அதுவா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கம் என் பெரியப்பாவின் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. மரங்களை அறுத்து ஏற்றிய பிறகும், மிச்சமிருந்த ஒரு தூரில் தினமும் போய் உட்காருவார். “மொத நாளே காய இறக்கியிருந்தா... எனக்கு மட்டும் ஏன் புத்தி போகல?” மறுநாளும் அதே பேச்சு, அதே இடத்தில் வந்து நிற்கும். பெரியம்மா சொன்னார்: “உள்ளுக்குள்ளயே மறுகிக்கிட்டிருக்காரு.”

என் பரிந்துரை அதுதான்: மறுகல். மறுகுதலுக்குச் சுழலுதல், மனம் கலங்குதல் என இரண்டு பொருளும் உண்டு. குறள் 1139-ல் காமம் தெருவில் ‘மறுகும்’ என்பதும் சுழல்வதுதான்.

இந்தக் கருத்தை மனச்சோர்வு ஆய்வில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். தற்செயல்தான். நிலம் குலுங்கி 10 நாள் கழித்தும், 7 வாரம் கழித்தும் மறுபடி அளந்தால், மறுகும் பழக்கம் உள்ளவர்களிடம் சோர்வு கூடுதலாக இருந்தது. முன்பே இருந்த சோர்வைக் கணக்கில் கழித்த பிறகும்.

‘கவலை’யோடு கலந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பது கவலை. அது முன்னால் பார்க்கிறது, பதற்றத்துக்குப் பக்கத்து வீடு. மறுகல் நடந்து முடிந்ததையே சுற்றுகிறது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம், பெரியப்பாவிடம் இருந்தது.

மூளை ஆய்வில், வேலை எதுவும் இல்லாதபோது சுறுசுறுப்பாகும் பகுதிகளை 2001-ல் மார்கஸ் ரெய்க்லே குழு விவரித்தது. மறுகலை அந்த வலைப்பின்னலோடு இணைத்துப் பல ஆய்வுகள் வந்துள்ளன. அந்த வலைப்பின்னலுக்கு (default mode network) ‘சும்மா வலை’ என்று தமிழில் எழுதி, நானே அடித்துவிட்டேன். அந்தப் பேச்சு தனி இழையில்.

அப்புறம் சிகிச்சை. உளவியலாளர் எட்வர்டு வாட்கின்ஸ் வளர்த்த முறையில் (rumination-focused therapy), ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வியில் இருந்து ‘அடுத்ததை எப்படிச் செய்வது’ என்ற கேள்விக்கு ஆளை நகர்த்துகிறார்கள். ‘மறுகல்மையச் சிகிச்சை’ என்றால் நாக்கில் ஒட்டுகிறது. ‘அசைபோடல்மையச் சிகிச்சை’ என்றால் கால்நடை ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது.

ஒரே ஐயம், எழுத்து. பலர் ‘மருகி’ என்று எழுதுகிறார்கள். கையேட்டில் வல்லின றகரமே போட்டுவிடலாமா? இடையினம் போட்டால் நாகைப் பக்கத்தார் திருமருகலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.