சித்திரைக் கடலும் எங்கட கூடுகளும் - வன்னிக்கரைப் பண்ணைக்காரர் அனுபவப் பகிர்வு

கிராஞ்சிக்காரன்

இந்தமுறை பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பிறகு கிராஞ்சி, வலைப்பாடு, பள்ளிக்குடாப் பக்கம் ஆரைக் கேட்டாலும் ஒரே கதைதான். நண்டு செத்துப்போச்சு, கடலட்டை கரைஞ்சு போச்சு, இறால் கரையில ஒதுங்கிப்போச்சு. கேட்டால் "சூடு" எண்டு ஒரு சொல்லோட முடிக்கினம். எத்தனை பாகை, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணியில எண்டு ஒருதரும் சொல்லுறதில்லை. அதனால இந்த இழையைத் தொடங்கிறன். கண்ணால கண்டதை மட்டும் எழுதுங்கோ. ஆர் பிழை எண்ட விசாரணை வேண்டாம்.

நான் கண்டல் ஓரம் கூடு அடிச்சு நண்டு கொழுக்க வைக்கிறனான். ஓடு மாத்தி இன்னும் சதை வைக்காத நண்டை மலிவா வாங்கி, மூண்டு நாலு கிழமை கழிவு மீன் போட்டு, நிரம்பினதும் விக்கிறது. மாசி வரைக்கும் கரைச்சல் இல்லை. பங்குனிக் கடைசியில காத்து விழுந்தது. வாடைக்காத்து போய்த் தென்மேற்குச் சோளகக்காத்து இன்னும் எழும்பாத இடைக்காலம். எங்கட பக்கம் கடல் அப்ப அசையாது. வத்துக்கு, அதாவது கடல் இறங்கிற நேரம், கூட்டுக்குள்ள தண்ணி முழங்காலுக்கும் கீழ. பின்னேரம் மூண்டு மணிக்கு வெப்பமானி 36 பாகை காட்டினது. அந்த நேரம் ஒரு நண்டும் சாகேல்லை, தீன்கூட எடுத்தது. விடியப்புறம் ரோச் லைற்றோட போனால் நண்டெல்லாம் கூட்டு வலையில ஏறித் தண்ணிக்கு வெளியில வாயால நுரை தள்ளிக்கொண்டு நிக்குது. ஏற ஏலாமல் அடியில கிடந்ததுகள் முடிஞ்சுது. மூண்டு மணிச் சூட்டில சாகாதது ஏன் ஐஞ்சு மணிக் குளிர்ச்சியில செத்தது?

மீன்பிடி படிச்சவள்

அண்ணை, நீங்கள் கேட்ட கேள்வியிலதான் முழு விசயமும் இருக்கு. கடல் தண்ணி 20 பாகையில நிக்கேக்க லீற்றருக்கு 7.4 மில்லிகிராம் அளவில ஒட்சிசன் கரைஞ்சிருக்கலாம். 30 பாகைக்கு வந்தால் 6.2 அளவுதான். உப்புக் கூடக் கூட இன்னும் குறையும். அதே நேரம் நண்டு, இறால், சிப்பி மாதிரித் தன்ர உடம்புச் சூட்டைத் தானே காக்க ஏலாத பிராணியளுக்குப் பத்துப் பாகை ஏறினால் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும். வரவு குறையுற நேரம் பாத்துச் செலவு கூடுற வீடு மாதிரி.

பகலில சாதாளை எண்ட கடல்புல்லும் பாசியும் வெளிச்சத்தில ஒட்சிசன் விடுகிறதால மத்தியானம் எப்படியோ தாங்கும். பொழுதுபட்டால் அதே சாதாளை தானும் ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். நீங்கள் போட்டு மிஞ்சின மீன் அடியில அழுக அதுக்கும் வேணும். காத்திருந்தால் அலை அடிச்சு மேலயிருந்து கொஞ்சம் கலக்கும், அதுவும் இல்லை. விடியுறதுக்குக் கொஞ்சம் முதல்தான் ஆகக் குறைஞ்ச அளவு வரும். நண்டு வெளியில ஏறினது வெயிலுக்குப் பயந்து இல்லை, மூச்சுக்கு.

இன்னொண்டு. சூட்டில நண்டு ஓடு கழட்டுற இடைவெளி குறையும். ஒரே கூட்டில கனக்க நண்டு ஒரே நேரம் மெத்தெண்டு கிடந்தால் மற்றது விடுமோ? காலையில ஓட்டுத்துண்டுதான் மிஞ்சும். களவு போனது எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம்.

வட்டுவாகல் பக்கம்

தங்கச்சி சொன்னதை நாங்கள் படிக்காமலே கண்டிருக்கிறம். வற்றாப்பளைப் பொங்கல் வாற வைகாசியளவில நந்திக்கடல் சுருங்கிப் போயிருக்கும். முகத்துவாரம் மணலால மூடினால் கடலுக்கும் களப்புக்கும் தொடர்பே இல்லை. தண்ணி ஆவியாப் போகப் போக உப்பு ஏறும், சூடும் ஏறும், விட்ட இறால் குஞ்சு அதுக்குள்ளதான் வளர வேணும்.

ஒரு வறட்சி ஆண்டில விடியவெள்ளன இறால் முழுக்கக் கரைக்கு வந்து தண்ணி மேல ஓடினது. பெடியள் வாளியில அள்ளினவங்கள். ஊரே சந்தோசம், அண்டைக்கு எல்லா வீட்டிலயும் இறால் கறி. அடுத்த நாள் மீனும் செத்து மிதக்கத் தொடங்கினது. மணம் தாங்கேலாமல் றோட்டால போறவை மூக்கைப் பொத்தினவை. உடன ஆரோ நஞ்சு போட்டவங்கள் எண்டு கதை கிளம்பி, ரெண்டு குடும்பம் இண்டைக்கும் முகம் பாக்கிறதில்லை. நஞ்சு ஒண்டும் இல்லை, மூச்சுத்தான் இல்லை. இதை அப்பவே ஆராவது வந்து சொல்லியிருக்கலாம். வந்த அதிகாரிமார் போத்திலில தண்ணி எடுத்துக்கொண்டு போனவை. முடிவு எங்கட கைக்கு வரேல்லை.

பள்ளிக்குடாப் பெடியன்

சூடு எண்டால் வருத்தமும் கூடும்தானே? வெண்புள்ளி வருத்தம் இப்ப கூடச் சொல்லீனம்.

மீன்பிடி படிச்சவள்

எல்லா வருத்தமும் ஒரே மாதிரி இல்லைத் தம்பி. 1996 இல புத்தளப் பக்க இறால் பண்ணையளுக்குள்ள வந்த வெண்புள்ளி வைரசு, தண்ணி 32, 33 பாகையில நிண்டால் பெருகிறது குறையும் எண்டு சோதனையளில கண்டிருக்கினம். வெப்பம் ஏறி இறங்குறதுதான் அதுக்கு வாய்ப்பு. பகல் கொதிச்சு, இரவு மழையில திடீரெண்டு குளிர்ந்தால் கவனம்.

விப்ரியோ பற்றீரியா அப்படி இல்லை. அதுக்கு இளஞ்சூட்டு உப்புத்தண்ணி எண்டால் திருவிழா. 2009 அளவில சீனாவில தொடங்கி வியட்நாம், தாய்லாந்துப் பண்ணையளைக் காலி பண்ணின வருத்தத்துக்குக் காரணம் ஒரு விப்ரியோதான் எண்டு 2013 இல அரிசோனா பல்கலைக்கழகத்தில கண்டுபிடிச்சவை. குஞ்சு விட்டுக் கொஞ்ச நாளிலயே குளம் வெறுமையாகும். சிப்பி, மட்டிக்குள்ளயும் விப்ரியோ சேரும். நாங்கள் கூழுக்குள்ள போட்டு அவிச்சுத்தான் தின்னுறம், அதனால தப்பினம்.

பரிசில் இருந்து

இஞ்ச நத்தாருக்குச் சிப்பியைப் பச்சையா எலுமிச்சம்புளி விட்டு விழுங்குவாங்கள். 2008 இல இருந்து பிரான்ஸ் கரையில சின்னச் சிப்பியளை ஒரு ஹேர்பிஸ் வைரசு கோடையில கொண்டுபோகுது. தண்ணி 16 பாகையைத் தாண்டத்தான் அது எழும்புமாம். 16! எங்களுக்கு அந்தத் தண்ணியில கால் வைக்கவே போர்வை வேணும்.

வன்கூவரில் ஒரு வன்னியான்

நான் முழங்காவில் ஆள். 2021 ஆனி மாதக் கடைசியில இஞ்ச ஒரு வெயில் அடிச்சது. கனடாக்காரர் வீட்டில விசிறியும் இல்லாமல் திண்டாடினவை. வத்து மத்தியான நேரத்தில வந்ததுதான் பெரிய அநியாயம். கல்லில ஒட்டியிருந்த கறுப்பு மட்டி முழுக்க வாய் பிளந்து கிடந்தது. கடற்கரையில இறங்கினவுடன மணம். கண்ணை மூடினால் எங்கட வாடிக் கரை எண்டு நினைப்பியள், அப்படி. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில கிறிஸ் ஹார்லி எண்ட விஞ்ஞானி பாறையில 50 பாகைக்கு மேல அளந்தவர். அந்தக் கரையோரத்தில நூறு கோடிக்கு மேல உயிர் செத்திருக்கும் எண்டது அவற்ற கணக்கு.

சிப்பிப் பண்ணையிலயும் இழப்பு. ஆனால் எல்லாரும் ஒரே அளவா இழக்கேல்லை. வத்துக்குத் திறந்து கிடக்கிற கரையில வளத்தவை கூட இழந்தவை. ஆழத்தில, மிதவையில கயித்துக் கூட்டைத் தொங்க விட்டவைக்குச் சேதம் குறைவு. ஒரே கடல், ஒரே வெயில்.

இரணைதீவாள்

நாங்கள் 2018 இல தீவுக்குத் திரும்பிப் போன ஆக்கள். நான் பெண்டுகளோட வத்துக்கடலில நடந்து அட்டை, சிப்பி பொறுக்கிறனான். இப்ப ஒரு சின்ன அட்டைக் கூடும் இருக்கு. அட்டைக்கு ஓடில்லை, இந்த இழையில சேராது எண்டு ஆரும் சொல்லாதேங்கோ, கடல் ஒண்டுதான்.

வெள்ளை அட்டை பகலில மணலுக்குள்ள தாண்டு கிடக்கும், பொழுதுபடத்தான் மேல வரும். சித்திரையில தண்ணி காலைச் சுடுற நாளில அது தாழாமல் மேல கிடக்குது. தொட்டால் வழுவழுப்பு, தோலில வெள்ளைப் புண். கையில எடுத்தால் குடலைக் கக்கும். புண் வந்ததை வாங்குறவர் தொடமாட்டார். இது வெயிலின்ர கதை. அதில தப்பினது கார்த்திகை, மார்கழியில போகும். மண்டக்கல்லாறு, பல்லவராயன்கட்டுப் பக்கத்து வெள்ளம் இறங்கினால் பூநகரிக் கடல் நிறம் மாறும், உப்புக் குறையும். 2020 இல புரெவிப் புயல், 2025 இல டித்வாப் புயல். வெயிலில மெலிஞ்ச அட்டைக்கு அந்த நல்ல தண்ணி நஞ்சுதான். ஓடுள்ளது கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும், இது என்னத்தை மூடும்?

கிராஞ்சிக்காரன்

வன்கூவர் அண்ணையும் இரணைதீவு அக்காவும் எழுதினதை வாசிச்சாப் பிறகு என்ர மனதில இருந்ததைச் சொல்லுறன். கடல் சூடாகுது, அது உண்மை. 1950 இல இருந்து 2020 வரை இந்து சமுத்திரத்தின்ர மேல்தண்ணி பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.12 பாகை கூடியிருக்கு. கேக்கச் சின்னக் கணக்கு. ஏற்கெனவே விளிம்பில நிக்கிற முழங்கால் தண்ணிக்கு அது சின்னது இல்லை. ஆனால் கூட்டை அந்த முழங்கால் தண்ணியில வைச்சது சமுத்திரம் இல்லை. கரையில கொட்டிலுக்குள்ள இருந்து பாத்தால் தெரிய வேணும், களவு போகக் கூடாது, வள்ளம் இல்லாமல் நடந்து போய்த் தீன் போட வேணும் எண்டு நாங்கள்தான் வைச்சம். காவலுக்கு வசதி பாத்தம், மூச்சுக்குப் பாக்கேல்லை. அனுமதி தந்தவையும் வரைபடத்தில நீள அகலம் பாத்தவை, வத்து நேரத்தில ஆழம் எவ்வளவு எண்டு ஒருதரும் கேக்கேல்லை.

ஆகக் குறைஞ்ச வத்திலயும் இடுப்பளவு தண்ணி நிக்கிற இடத்துக்குப் போக வேணும். நாலைஞ்சு பேர் சேர்ந்தால் ஒரு காவல் வள்ளம் கட்டுப்படியாகும்.

களங்கட்டிக்காரன்

தம்பி, நல்லாத்தான் எழுதிறாய். இடுப்பளவு தண்ணியில கம்பு நட்டு வலை மறிச்ச களங்கட்டி ஆற்றது நிக்குது? என்ர அப்பா காலத்தில இருந்து நிக்குது. கரையில கம்பி அடிச்சு வள்ளம் இறக்கிற பாதையை மூடினியள், பேசாமல் இருந்தம். இப்ப சூடு எண்டு சொல்லி வெளியாலயும் வரப் போறியளோ? சாதாளைக்குள்ளதான் நீலக்கால் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் ஒதுங்குறது. அதை மிதிச்சுக் கம்பு நட்டால் வளக்கிறதும் இல்லை, பிடிக்கிறதும் இல்லை.

இரணைதீவாள்

ஐயா சொல்லுறதில ஞாயம் இருக்கு. எல்லாரும் வெளியால போக ஏலாது, இடமும் இல்லை. நான் செய்தது வேற. பங்குனி நடுவிலயே முக்கால்வாசியைப் பிடிச்சு வித்திட்டன். நிறை குறைவு, விலையும் குறைச்சுத்தான் தந்தவை. மிச்சத்தை ஐதா விட்டன். சோளகம் எழும்பும் வரைக்கும் புதுக் குஞ்சு வாங்கேல்லை. ஆதாயம் பெரிசா இல்லை, கடன் இல்லை.

மீன்பிடி படிச்சவள்

நண்டுக்காரரும் அதைச் செய்யலாம். காத்து விழுந்த நாளில பின்னேரத் தீனை நிப்பாட்டுங்கோ, அல்லது பாதியாக் குறையுங்கோ. செத்ததை அண்டண்டைக்கே எடுத்துக் கரையில தாழுங்கோ, கடலுக்குள்ள எறியாதேங்கோ. வெப்பமானியைப் பின்னேரம் மட்டும் பாக்காமல் விடிய ஐஞ்சு மணிக்கும் பாத்து, அண்டைக்குக் காத்து இருந்ததா, வத்தா பெருக்கா எண்டதையும் சேர்த்துக் கொப்பியில எழுதுங்கோ.

கிராஞ்சிக்காரன்

களங்கட்டி ஐயா, வெளியால வாறதெண்டால் உங்களைக் கேக்காமல் ஒரு கம்பும் நட மாட்டம். வத்து நேரம் உங்கட வள்ளத்திலயே போய் ஆழம் பாப்பம், எங்க சாதாளை இல்லை எண்டது உங்களுக்குத்தானே தெரியும்.

களங்கட்டிக்காரன்

மண்ணெண்ணைக் காசு ஆர் தாறது எண்டு முதல் எழுது. பிறகு வாறன்.