சிங்கப்பூரில் வேலை, சென்னையில் சம்பளம்: இரண்டு பக்கமும் வரி கட்ட வேண்டுமா?

தாம்பரத்தான் (ஜூலை 2025)
வணக்கம். சென்னை ஐடி கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். 2024 ஜூன் நடுவில் ஆன்சைட்டுக்காக சிங்கப்பூர் அனுப்பினார்கள். செப்டம்பர் கடைசியில்தான் திரும்புகிறேன். சம்பளம் பழையபடி சென்னைக் கணக்கில் ரூபாயில் விழுகிறது, டிடிஎஸ்ஸும் முழுசாகப் பிடிக்கிறார்கள். இப்போது சிங்கப்பூர் வரித் துறையான ஐராஸிலிருந்தும் 2024-க்கான வரி நோட்டீஸ் வந்துவிட்டது. பேரோலில் கேட்டால், "இந்தியாவில் சம்பளம், இந்தியாவில் வரி" என்கிறார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்கு வந்து போனேன், அதுவும் கணக்கில் சேருமா? ரிட்டர்ன் போடுவதற்குள் தெளிவு வேண்டும்.

கப்பல்காரன்
தம்பி, என்ஆர்ஐக்கு வெளிநாட்டுச் சம்பளத்தில் வரி கிடையாது. 2017-இல் இந்திய வருமான வரித் தரப்பிலிருந்து வந்த 13-ஆம் எண் சுற்றறிக்கையைப் பாருங்கள். நான் அதைக் காட்டித்தான் ரிட்டர்ன் போடுகிறேன்.

கோவை ஆடிட்டர்
அண்ணா, அந்தச் சுற்றறிக்கை வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்யும் என்ஆர்ஐ மாலுமிகளுக்கு, அதுவும் என்ஆர்இ கணக்கில் (என்ஆர்ஐக்கள் வெளிநாட்டுப் பணத்தைப் போட இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) விழும் சம்பளத்துக்கு மட்டும். தம்பிக்குப் பொருந்தாது, அதை நம்பி ரிட்டர்ன் போட வேண்டாம்.

தம்பி, இரண்டு நாட்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். 2024-25-இல் நீங்கள் இந்தியாவில் இருந்தது தீபாவளி வாரத்தையும் சேர்த்து 90 நாளைத் தாண்டாது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு வரம்பு 182 நாள், அதனால் அந்த வருடம் நீங்கள் என்ஆர்ஐ. கம்பெனியே அனுப்பினாலும் இது பொதுவாக ஏற்கப்படுகிறது. சிங்கப்பூருக்கு ஜனவரி முதல் டிசம்பர். 2024-இல் அங்கே 183 நாளைத் தாண்டிவிட்டதால் அங்கே வரிக் குடியிருப்பாளர், வேலையும் அங்கேதான் நடந்தது. ஆகவே ஐராஸ் கேட்பது நியாயம், கட்டிவிடுங்கள்.

சிக்கல் சம்பளம் விழும் இடத்தில்தான். வேலை சிங்கப்பூரில் நடந்தாலும், பணம் முதலில் வந்து சேர்வது இந்தியக் கணக்கு என்றால் "இந்தியாவில் பெற்ற வருமானம்" என்று அதிகாரி வாதிட இடமிருக்கிறது. இதற்கு இந்தியா-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவுதான் கைகொடுக்கும்: சிங்கப்பூர்வாசி சிங்கப்பூரில் செய்த வேலைக்கு அங்கே மட்டும் வரி. அதைக் கேட்க ஐராஸ் தரும் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் தேவை. இந்திய நிதியாண்டு அவர்களுடைய 2024, 2025 இரண்டிலும் கால் வைத்திருப்பதால் இரண்டு வருடத்துக்கும் வாங்குங்கள். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள், ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளம் அந்தரத்தில் நிற்கும்.

அப்புறம் ஒப்பந்தச் சலுகை கேட்க இணையத்தில் படிவம் 10எஃப், ரிட்டர்னுக்கு ஐடிஆர்-2 படிவம். போகும் முன் இந்தியாவில் வேலை செய்த ஏப்ரல் முதல் ஜூன் நடு வரையிலான சம்பளத்துக்கு இங்கே வரி உண்டு. மீதியை ஒப்பந்தப்படி வரியில்லாத வருமானமாகக் காட்டி, பிடித்த டிடிஎஸ்ஸை ரீஃபண்டாகக் கேட்கலாம். கம்பெனி தரும் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16-இல் முழுச் சம்பளமும் இருப்பதால் நோட்டீஸ் வர வாய்ப்புண்டு. குடியேற்ற முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கங்கள், விமானச் சீட்டு, ஆன்சைட் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

தாம்பரத்தான்
மிக்க நன்றி சார். இந்த வருடமும் இதே வழிதானா?

கோவை ஆடிட்டர்
இல்லை. அக்டோபரிலிருந்து இந்தியாவில் இருந்தால் 2025-26-க்கு நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். உலக வருமானம் முழுவதையும் இங்கே காட்ட வேண்டும். அதே சம்பளத்துக்கு சிங்கப்பூரில் கட்டிய வரிக்குப் படிவம் 67 போட்டு இங்கே கழிவு கேளுங்கள், அதையும் ரிட்டர்னுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. அந்த வருமானத்துக்கு இந்தியா கேட்கும் வரி, சிங்கப்பூரில் கட்டிய வரி, இரண்டில் எது குறைவோ அவ்வளவுதான் கிடைக்கும். சிங்கப்பூர் வரி குறைவு என்பதால் மீதியை இங்கே கட்ட வேண்டி வரும், பணம் ஒதுக்கி வையுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் தம்பி. நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கம்பெனி ஐராஸுக்கு ஐஆர்21 படிவம் கொடுத்து வரிக் கணக்கை முடிக்க வேண்டும். உங்களுக்குக் கம்பெனி வீடு கொடுத்திருந்தால் அதன் மதிப்பும் அங்கே வருமானம்தான். இந்தப் பேச்சை ஆகஸ்டிலேயே எச்ஆரிடம் ஆரம்பியுங்கள். ஆன்சைட் கடிதத்தில் சிங்கப்பூர் வரியைக் கம்பெனி ஏற்பதாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்தியாவில் வரும் ரீஃபண்டு யாருக்குப் போகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தான்
கடிதத்தைப் பார்த்தேன் அக்கா, வரியைக் கம்பெனி ஏற்பதாகத்தான் இருக்கிறது, ரீஃபண்டு பற்றி ஒரு வரி கூட இல்லை. இன்றே எச்ஆருக்கு மெயில் போடுகிறேன். இரண்டு சான்றிதழுக்கும் ஐராஸ் தளத்தில் விண்ணப்பிக்கிறேன்.