பொருள், பார்வை: பதில் வந்த மின்னஞ்சல்கள்

மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து

2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, தகரப் பெட்டியில் அம்மா பத்திரப்படுத்தியிருந்த என் இளங்கலை மதிப்பெண் பட்டியல்கள் ஆறும் நனைந்துபோயின. காயவைத்துப் பிரித்தபோது மதிப்பெண்கள் கரைந்து ஊதாக் கறையாகிவிட்டிருந்தன. ஒரே ஒரு தாளில் மட்டும் பதிவெண் தெரிந்தது.

2018-இல் வேலைக்கான சரிபார்ப்பில் அவற்றைக் கேட்டபோது, நான் படித்த கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பொருள் வரியில் ‘உதவி தேவை’ என்று இட்டு, புயலில் தொடங்கி, வீட்டு நிலைமையைச் சொல்லி, நான்கு பத்திகளுக்குப் பிறகு, ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்திருந்தேன். மூன்று வாரங்கள் பதில் இல்லை. அதையே மறுபடியும் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியப்பா வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கைப்பேசியை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, “ஏம்மா, எல்லாத்தையும் எழுதியிருக்க, இதப் படிக்கிறவரு எந்தப் பதிவேட்டப் புரட்டணும்னு மட்டும் எழுதலியே” என்றார். தாளில் மனு எழுதும்போது விடுநர், பெறுநர், பொருள், பார்வை என்று கை தானாகவே எழுதிவிடும். மின்னஞ்சல்தானே என்று நான் அவற்றையெல்லாம் விட்டுவிட்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மடல் இப்படி மாறியது:

‘பொருள்: இளங்கலை வேதியியல் (2006–2009), பதிவெண் குறிப்பிட்டு, மதிப்பெண் பட்டியல் இரண்டாம்படி கோருதல்.
பார்வை: இதே முகவரிக்கு நான் அனுப்பிய இரு மின்னஞ்சல்கள், நாள் குறிப்பிட்டு.
ஐயா, என்னுடைய ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்களும் புயலில் சேதமடைந்துவிட்டன. இரண்டாம்படி பெறுவதற்கான படிவத்தையும் கட்டணத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். சேதமடைந்த பட்டியல்களின் படங்களும் அடையாள அட்டை நகலும் ஒரே கோப்பாக இணைக்கப்பட்டுள்ளன. என் பணிச் சரிபார்ப்பு அடுத்த மாதம் 15-ஆம் நாள் முடிவடைகிறது.’

“இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை” என்ற வரியை நான் சேர்க்க முயன்றபோது அவர் தடுத்துவிட்டார். பார்வையில் இருக்கும் இரண்டு தேதிகளே அதைச் சொல்லிவிடும், வருத்தத்தையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் தம்மைக் காத்துக்கொள்வதற்கான பதிலைத்தான் தேடுவார் என்பது அவர் கருத்து. மூன்றாம் நாள் படிவமும் கட்டண விவரமும் வந்தன. என் பழைய மடலில் பணிவுக்குக் குறைவில்லை. கோரிக்கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்ததுதான் அதன் குறை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து, ஆய்வு மாணவர்

மேலே எழுதிய அக்காவின் அனுபவத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உரிமையாகப் பெற வேண்டியதைக் கேட்பதற்கும், ஒருவர் மனமுவந்து செய்யும் உதவியைக் கேட்பதற்கும் நடை வேறுபட வேண்டும்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள, ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்தத் துறையில் படிக்கத் தொடங்கிய உற்சாகத்தில், வெளியூரிலுள்ள ஒரு சுவடி நூலகத்துக்கு, ‘தங்களிடமுள்ள ஆகமச் சுவடிகளின் விவரங்கள் அனைத்தையும் அனுப்பியுதவுக’ என்று எழுதிவிட்டேன். ‘எந்தச் சுவடி?’ என்ற இரண்டே சொற்களில் பதில் வந்தது. அந்த நூலகர் செய்தது நியாயம்தான். நான் கேட்டது ஓர் ஆண்டுக்கான வேலை.

பிறகு அட்டவணையைப் பார்த்து, ஒரு சுவடியின் எண்ணையும் இரண்டு ஏடுகளின் எண்களையும் குறிப்பிட்டு, எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் என் நெறியாளர் யார் என்பதையும் இரண்டு வரிகளில் எழுதினேன். ஏடுகளைப் படம் எடுப்பது கடினமானால், கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் காலமும் வரும் வரிகளை மட்டும் படித்துச் சொன்னால்கூடப் போதும் என்றும் சேர்த்திருந்தேன். கெடு எதுவும் வைக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கடைசி வரிகள் தட்டச்சாகி வந்தன. படங்கள் அடுத்த மாதம் வந்தன. முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவருக்குச் சிறிதாவது செய்துகொடுக்க அந்த ஒரு வரி வழிவிட்டது என்று நம்புகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

நான் மடல்களைப் பெறும் பக்கத்தில் இருப்பவன்; ஓர் அலுவலகத்தில் பொது அஞ்சல் பெட்டியைத் திறந்து, வந்தவற்றைப் பிரிவு வாரியாக அனுப்புவது என் வேலை. பதில் வராதவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

‘வணக்கம்’, ‘அவசரம்’ என்ற பொருள் வரிகளோடு வருபவற்றைத் திறந்து முழுவதும் படித்த பிறகே எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும்; அதனால் அவை தாமாகவே பின்னுக்குப் போய்விடுகின்றன. ஒரே மடலில் மூன்று கோரிக்கைகள் இருந்தால், முதல் கோரிக்கைக்குரிய பிரிவுக்கு அது போய், அங்கே அதற்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். இணைப்புக் கோப்புக்கு ஸ்கேன் இயந்திரம் இட்ட எண்ணையே விட்டுவைக்காமல், சொந்தப் பெயரையும் ஆவணத்தின் பெயரையும் இட்டு அனுப்புங்கள். பத்து பேருடைய கோப்புகள் ஒரே பெயரில் இறங்கும்போது மாறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கேட்டது கையில் கிடைத்ததும், அதே மடலுக்கு மறுமொழியாகக் ‘கிடைத்தது, நன்றி’ என்று ஒரு வரி அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். அது வரும்வரை எங்கள் பதிவேட்டில் அந்தக் கோரிக்கைக்கு எதிரே ‘நிலுவை’ என்றே இருக்கும்.