கண்ணாடி மாற்றியும் மங்கலாகவே தெரிந்த நட்சத்திரம்

2022 செப்டம்பர் கடைசி. சத்துவாச்சாரி மாடியில் தெருவிளக்கு வெளிச்சம் தாங்காமல், ஆலங்காயம் பக்கம் மாமா வீட்டுக் கொல்லைக்குப் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு போனேன். தேடியது கும்ப ராசியில் உள்ள ஆர் அக்வாரி என்ற நட்சத்திரம். ஒமேகா-2 என்ற நட்சத்திரத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம்.

ஏறக்குறைய 387 நாளுக்கு ஒருமுறை உப்பிச் சுருங்கும் செந்நிற ராட்சச நட்சத்திரம் அது. நல்ல உச்சத்தில் ஒளியளவு 6-ஐ ஒட்டி வரும், அடங்கினால் 11 வரை இறங்கும். (எண் கூடினால் மங்கல். இந்தக் கிறுக்குக் கணக்கு பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.) அப்போது உச்சம் தாண்டிச் சில வாரம்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் பளிச்சென்று எதுவும் இல்லை, பக்கத்து நட்சத்திரங்களுக்குள் சோகையாக ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரகாசம் கூடுவதுபோல் ஏமாற்றும் என்பதால், சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்தேன். அப்படியும் மங்கல்தான்.

கண்தான் போச்சு என்று நினைத்து, வேலூர் வந்து கண்ணாடியை மாற்றினேன். இன்னொரு தப்பும் செய்தேன். படித்த எண்ணுக்குப் பக்கத்தில் வரட்டுமே என்று நோட்டில் இரண்டு நாள் பதிவில் பிரகாசத்தைக் கூட்டிக் காட்டி எழுதினேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அது இரட்டை நட்சத்திரம். ராட்சசன் உதறும் வாயு, கூட இருக்கும் வெண்குள்ளனை (எரிந்து முடிந்து சுருங்கிப்போன சிறு நட்சத்திரம்) சுற்றித் தட்டுபோல் சேர்கிறது. அங்கிருந்துதான் எதிரெதிர்த் திசையில் இரண்டு பீய்ச்சல்கள் கிளம்புகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவரச் சுமார் 44 வருஷம். அந்தத் தட்டு ராட்சசனுக்குக் குறுக்கே வரும் சில வருஷங்களில் உச்சமே எடுபடாது. 1970களின் பிற்பாதியிலும் இப்படித்தான் மங்கியிருக்கிறது. மாமா ஊருக்குப் பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கி அப்போதே இருந்தது. நான்தான் பிறந்திருக்கவில்லை.

மாமாவிடம் விளக்கினேன். ‘அவன் குறுக்க நின்னதுக்கு நீ ஏன் மாப்ளே கண்ணாடி மாத்தின?’ என்றார்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. நோட்டில் மொத்தம் எட்டுப் பதிவு. நான் கூட்டி எழுதிய இரண்டையும் அடித்துவிட்டேன்.