அம்மாயி சொன்ன "பழையூரு" எது? மேட்டூர் டேமுக்குள்ள போன ஊருங்க பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொளத்தூர்_பேரன்:
வணக்கம்ங்க. நான் இருக்கிறது சேலம் அம்மாப்பேட்டை, அம்மா வழி சொந்தமெல்லாம் கொளத்தூர் பக்கம். அம்மாயி (அம்மாவோட அம்மா) நாலு வருசம் முன்ன தவறிட்டாங்க. இருந்த வரைக்கும் எத எடுத்தாலும் "பழையூர்ல"னு தான் ஆரம்பிப்பாங்க, பழையூர்ல ராகி இடுப்பு உசரம் நிக்கும், பழையூர் கெணத்துல குனிஞ்சு சொம்புல மொண்டுக்கலாம்னு. இத்தனைக்கும் அவங்க அந்த ஊர பாத்ததே இல்ல, டேம் கட்டறப்ப அவங்க ஆத்தா வயித்துல இருந்தாங்களாம், சட்டி பானையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு மேட்டுக்கு வந்து மூணாம் மாசம் தான் இவங்க பொறந்தது.

இப்ப என் பிரச்சனை என்னன்னா அந்த ஊருக்கு நெசப்பேரு என்னன்னு ஒருத்தருக்கும் தெரியல. மாமாவ கேட்டா ஒன்னு சொல்றாரு, பெரியம்மா வேற சொல்லுது. ஒரு ஆபீஸ்ல போய் கேட்டேன், பேரு தெரியாம எப்படி தம்பி தேடறதுன்னு அனுப்பி விட்டாங்க (அவங்க சொன்னதும் நியாயம் தான்). பழைய சேலம் ஜில்லா புக்கு ஒன்னு பிடிஎஃப்ல கிடைச்சுது, அதுல கொளத்தூர் காவேரிபுரம் பத்தி ஒன்னுமே காணோம். எங்க தேடறதுங்க?

பரிசல்துறை:
தம்பி பழையூருன்னு ஒரு ஊரே கிடையாது. உள்ள போன எல்லா ஊரும் பழையூரு தான், எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாங்க. குலசாமி பேரு என்னன்னு பாருங்க, ஊரு பேரு அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும்.

நில_அளவு:
பிடிஎஃப்ல ஏன் காணோம்னா நீங்க தேடற ஜில்லாவே தப்பு. டேமுக்கு முன்னாடி காவேரி ஆறு தான் எல்லை. கிழக்குக் கரை சேலம் ஜில்லா, மேற்குக் கரைல இருக்கிற காவேரிபுரம், கொளத்தூர் எல்லாம் கோயமுத்தூர் ஜில்லா பவானி தாலுக்கா. பின்னாடி தான் இந்தப் பக்கம் சேலத்தோட சேந்தது. அதனால கோயமுத்தூர் ஜில்லா மேனுவல்னு 1887ல நிக்கல்சன் எழுதினது இருக்கு, அத பாருங்க. அதுக்கும் முன்னாடி 1800ல புக்கானன்னு ஒரு வெள்ளக்காரரு கொள்ளேகால்லருந்து கணவாய் வழியா காவேரிபுரம் எறங்கி வந்து வழியில பாத்த பயிரு, ஏரி, கூலி எல்லாம் எழுதி வச்சிருக்காரு, உங்க ஊரு பேரு இல்லாட்டியும் அந்தக் காடு எப்படி இருந்துச்சுன்னு தெரியும்.

ஆனா பேரு வேணும்னா நேர் வழி ஒன்னு இருக்கு. டேம் வேலை ஆரம்பிச்சது 1925, தொறந்தது 1934 ஆகஸ்ட் 21. நடுவுல அந்த ஒன்பது வருசத்துல நிலம் எடுக்கறதுக்கு செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்ல (அப்ப இருந்த மெட்ராஸ் அரசாங்கத்தோட கெஜட்) நோட்டீஸ் போடுவாங்க, அதுல கிராமம், சர்வே நம்பரு, பல சமயம் நிலத்துக்காரர் பேரு கூட வரும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய கெஜட் இருக்கு. பொறுமை தான் வேணும், இன்டெக்ஸ நம்பாதீங்க. உங்க அம்மாயியோட அப்பா பேரு தெரிஞ்சு வச்சுக்கிட்டு போங்க, ஊரு தெரியாட்டி ஆள வச்சு ஊர புடிக்கலாம். அப்புறம் ஒன்னு, கிழக்குக் கரைல இருந்தவங்கன்னா தருமபுரியும் 1965 வரைக்கும் சேலம் தான், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

வண்டல்காட்டுக்காரன்:
நான் பண்ணவாடி பக்கத்து ஆளு. பேப்பர்ல தேடறது ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணி எறங்கறப்ப ஒரு தடவ வந்து பாருங்க. 120 அடி டேமுல எழுபது அடிக்கு கீழ போனா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய வந்துரும், சர்ச் கோபுரமும் தெரியும். 2023ல முப்பது அடி பக்கம் போச்சு பாருங்க அப்ப நாங்க நடந்தே உள்ள போனோம், சேறு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு கெடக்கு, அது நடுவுல ஒரு கெணறு, சுத்துக்கல்லு மட்டும் தெரியுது உள்ள முழுக்க வண்டல். அந்தக் கல்லுல கயிறு உரசி உரசி விரல் மொத்தத்துக்கு பள்ளம் விழுந்திருக்கு, ஒன்னு ரெண்டு இல்ல, ஏழெட்டு எடத்துல. எங்கப்பா அதுல விரல விட்டு பாத்துட்டு ஒன்னும் பேசாம வந்துட்டாரு.

தண்ணி எறங்கினா அந்த வண்டல்ல நாங்க ராகி, எள்ளு, கம்பு, தட்டப்பயிறு போடுவோம். உரமே வேணாம். ஆனா பட்டா கிடையாது, கர்நாடகாவுல மழைன்னா ராத்திரியோட ராத்திரி கதிரு முழுகும். யாரு எந்தத் துண்டுல ஓட்டறதுன்னு சண்டை வராதான்னு கேப்பீங்க, வரும், ஆனா பெரும்பாலும் தாத்தன் பாட்டன் காடு இங்க இருந்துச்சுன்னு ஒரு கணக்கு ஊருக்குள்ள இருக்கு. அந்தக் கணக்கு தெரிஞ்ச பெருசுங்கள புடிங்க, அவங்க தான் உங்க ஆவணக் காப்பகம்.

சொல்லாம இருக்க முடியல. நெலம் குடுத்தது நாங்க, ஜூன் 12 டேம் தொறக்கற தேதிய தஞ்சாவூரு எதிர்பாக்குது, இங்க ஆயிரம் அடி போரு போட்டு உக்காந்திருக்கோம்.

சேலத்து_சிவா:
அண்ணே டெல்டா மேல கோவப்பட்டு என்ன பண்றது, சேலம் டவுனே குடிக்கிறது அந்தத் தண்ணி தான். உபரிநீர் 100 ஏரித் திட்டம் 565 கோடில போட்டாங்களே?

வண்டல்காட்டுக்காரன்:
கோவமெல்லாம் இல்ல தம்பி, அவங்களும் வெவசாயி தான். அந்தத் திட்டம் உபரி இருந்தா தான, அதுவும் போறது எடப்பாடி ஓமலூர் பக்கத்து ஏரிக்கு. எங்க காடு தண்ணிக்கு மேல இருக்கு, கண்ணுக்கு எதிர்ல கடல் மாதிரி நிக்குது, எடுக்க முடியாது.

பரிசல்துறை:
அக்கரைல நாகமரை பக்கமும் விசாரிங்க. டேமுக்கு முன்ன இக்கரை அக்கரை பொண்ணு குடுத்து எடுத்தவங்க தான், இப்ப நடுவுல தண்ணி வந்துருச்சு. ஆடி பதினெட்டுக்கு பங்காளிங்க எல்லாம் ஒன்னு சேருவாங்க, அன்னிக்கு ஒரு நாள் கேட்டா ஒரு வருசம் தேடற வேல மிச்சம்.

கொளத்தூர்_பேரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நில_அளவு ஐயா சொன்னத படிச்சுட்டு அம்மாகிட்ட பொட்டிய எறக்கச் சொன்னேன். அடியில ஒரு பழைய கிரயப் பத்திரம், பாதி கரையான் தின்னுருச்சு. மொத வரில "கோயமுத்தூர் ஜில்லா பவானி தாலுக்கா" வரைக்கும் நல்லா இருக்கு, அதுக்கு அடுத்து ஊரு பேரு வர்ற எடத்துல தான் ஓட்டை. கடைசி எழுத்து "டி" மட்டும் தெரியுது. பட்டியா, வாடியா, குட்டியான்னு தெரியல.

வண்டல்காட்டுக்காரன்:
"டி"ன்னா இங்க பாதி ஊரு அப்படித்தான் முடியும் 😀 பத்திரத்துல நாலு பக்க எல்லை எழுதியிருப்பாங்க பாருங்க, யாரு காட்டுக்கு வடக்கு, எந்தப் பள்ளத்துக்கு தெற்குன்னு. அத மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க, எங்கப்பாகிட்ட காட்டறேன். இப்ப தண்ணி ரொம்பி நிக்குது, நேர்ல காட்ட முடியாது.